கடைசிக் கேள்விக்கு நித்யா சொன்ன பதில்

காலை பத்து நாற்பது. சமையலறையில் குக்கர் இரண்டாவது விசில் அடித்தது. என் போனில் தெரியாத எண் ஒன்று வந்தது. நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் என்னைக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கடன் அட்டை விற்பவர்கள்தான். வேண்டா வெறுப்பாக எடுத்தேன்.

“அங்கிள், நான் நித்யாவோட ஆபீஸ்ல கூட வேலை பார்க்கறவ. அவளுக்குக் காய்ச்சல் இப்ப எப்படி இருக்கு? ஒன்பது நாளாச்சே, போனும் எடுக்கறதில்ல. இன்னும் லீவ் வேணும்னா இன்னிக்குள்ள ஒரு மெயில் போடச் சொல்லுங்க.”

அந்தப் பெண் மலையாளத்தில் பேசியதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அன்று காலை ஏழு மணிக்குத்தான் என் மகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விட்டிருந்தேன். அந்த ஒன்பது நாளும் விட்டிருந்தேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. ஆபீஸ் இருக்கும் காக்கநாட்டுக்கு வைட்டிலா போய் பஸ் மாற வேண்டும். “போயிட்டு வரேம்ப்பா” என்று ஒன்பது நாளும் சொல்லியிருந்தாள்.

“இப்பப் பரவால்லம்மா. நான் சொல்றேன்” என்று சொல்லி வைத்தேன். அந்தப் பொய்க்கு எனக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை.

போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களை வரவிடாமல் எது தடுக்கிறது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு அளக்கும் வேலைக்கு நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். ‘வெளியே தெரிந்துவிடும்’, ‘வேலை போய்விடும்’, ‘எங்கே போவதென்று தெரியாது’ என்று ஒவ்வொரு காரணமாக வாசித்து, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எங்கே நிற்கிறது என்று கேட்டு வட்டம் போடுவீர்கள். ஐந்து என்றால் தாண்டவே முடியாத தடை. படிவத்தை எப்படி நிரப்புவது என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள், அதற்குள் நான் போகவில்லை. இதே வேலையை மட்டாஞ்சேரியில் பார்த்த நான் செய்த இரண்டு தவறுகளை மட்டும் சொல்கிறேன். ஒன்று வேலையில் செய்தது. இன்னொன்று என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தது. இரண்டாவதை எழுதும்போது இப்போதும் என் காது வாசல் பக்கமே இருக்கிறது. நித்யா என்பது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது அவளே தேர்ந்தெடுத்த பெயர்.

முதல் தவறு, இந்த வேலைக்கு வந்த முதல் வருடம் நடந்தது. பஜாரில் மிளகு மூட்டை தூக்கும் ஒரு ஆள். என் வயதுதான் இருக்கும். ஒன்றரை மணி நேரம் பேசி முடித்த பிறகு, “திங்கட்கிழமை சென்டருக்கு வரேன் சாரே, எனக்கும் மடுத்துப் போச்சு, சலிச்சுப் போச்சு” என்றார். அவர் தானாகச் சொன்னது எனக்குப் பெரிய சந்தோஷம். திங்கட்கிழமை காலை, எங்கே மறந்துவிடுவாரோ என்று அவர் வேலை செய்யும் கிடங்குக்கே போய்விட்டேன். என் கழுத்தில் போதைச் சிகிச்சைத் திட்டத்தின் பெயர் எழுதிய அட்டை. கையில் அதே பெயர் அச்சடித்த துணிப்பை. கூட இருந்த ஆட்கள் அதைச் சத்தமாக வாசித்தார்கள். ஒருவன், “அண்ணாச்சிக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து கார் அனுப்பலையா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவேயில்லை.

சிகிச்சை மையத்தில் அவருக்காக நேரம் ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தவர் அங்கிருந்த ஆலோசகர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். அக்கா முறையில் எல்லோரும் சேச்சி என்றுதான் கூப்பிடுவோம். நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. “சாரே, நீங்க அளக்கப் போன மதில்ல ஒரு கல்ல நீங்களே எடுத்து வச்சுட்டு வந்திருக்கீங்க” என்றார். அன்றிலிருந்து அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வேன். பையை உள்பக்கம் திருப்பிப் பிடிப்பேன். பாடம் படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இருபது வருடம் வேலை செய்தேன்.

பத்து நாற்பதுக்குத் திரும்புகிறேன்.

என் மனைவி கமலா வெளி அறையில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய தொழில். நான் ஒன்றும் சொல்லாமல் நித்யாவின் அறைக்குள் போனேன். மகள் வளர்ந்த பிறகு அவள் இல்லாதபோது நான் அந்த அறைக்குள் போனதில்லை. அலமாரியில் காலேஜ் புத்தகங்களுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒன்றுக்கும் கடைப் பில் இல்லை. கூடவே ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. எத்தனையோ வீடுகளில் தாய்மார்கள் எனக்குக் காட்டிய அதே உறை.

அவள் இளைத்திருந்தது எனக்குத் தெரியும். சில நாள் படபடவென்று பேசுவாள். சில ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி வரை எழுந்திருக்க மாட்டாள். வேலை அலுப்பு, அப்படித்தான் இருக்கும் என்று நானே கமலாவுக்குச் சொல்லியிருக்கிறேன். இந்த அறிகுறிகளை மற்றவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான்.

கமலா கதவருகே நின்றிருந்தாள். கையில் ஊசி அப்படியே இருந்தது.

“என்னங்க அது?”

சொன்னேன். அவள் உட்காரவில்லை. “எங்க அண்ணனுக்குப் போன் போடுங்க.”

“பாலக்காட்டுல இருந்துக்கிட்டு அவர் என்ன பண்ணுவார்?”

“ஆளிருக்குன்னு ஒரு தைரியம்.”

“உங்க அண்ணன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள பாலக்காடு முழுக்கத் தெரியும்.”

“தெரிஞ்சாத் தெரியட்டும். எனக்கு எம்பொண்ணு வேணும். உங்களுக்கு உங்க பேரு வேணும்.”

நித்யாவின் போனுக்கு அடித்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தோம்.

அப்போது என் புத்தி எங்கே போனது என்பதைக் கவனியுங்கள். என்னோடு வேலை செய்த களப்பணியாளர்கள் ஏழு பேர் இந்த ஊரில் இருக்கிறார்கள். எந்தச் சந்தில் யார் எதை விற்கிறான், எந்தப் படகுத்துறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். நித்யாவைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள். ஏழு பேருக்கும் ஒரு செய்தி போட்டால் ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். விரல் எங்கள் வாட்ஸாப் குழுவின் பெயர் மேலேயே நின்றது. போட்டிருந்தால் அவள் கிடைத்திருப்பாள். விஷயம் பரவிய பிறகு இந்த ஊரில் அவளை எந்த மையத்துக்கும் அழைத்துப்போக முடிந்திருக்காது. போடாமல் விட்டு, அவள் எங்காவது மயங்கிக் கிடந்தால்? கமலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேச்சிக்கு அடித்தேன். ஓய்வு வயது தாண்டியும் அவர் இன்னும் அதே மையத்தில்தான் இருக்கிறார். எடுத்ததும் நான் சொன்னது இது: “சேச்சி, ஒரு வீட்டு விஷயமா ஒரு சந்தேகம். நம்ம பழைய ஏரியாதான். பொண்ணு ஒன்பது நாளா ஆபீஸ் போகல. போறதா வீட்ல சொல்லிட்டுக் கிளம்புது. ரூம்ல மாத்திரை இருந்திருக்கு. அந்த மாதிரி வீட்ல என்ன செய்யச் சொல்றது?”

இருபது வருடம் நான் கேட்டுச் சலித்த பேச்சு அது. ‘என் நண்பனுக்கு’, ‘பக்கத்து வீட்டில்’, ‘எனக்குத் தெரிந்த ஒருத்தர்’. அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்து மனதுக்குள் சிரித்திருக்கிறேன்.

“அந்த வீட்டுப் பொண்ணுக்கு எத்தன வயசு சாரே?”

“இருபத்துநாலு.”

“அந்த வீட்டு அம்மா பக்கத்துல இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“சாரே, நம்ம நித்யாதானே?” என்றார் சேச்சி.

ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்த கமலா போனை வாங்கி, “ஆமா சேச்சி” என்றாள்.

சேச்சி அவளிடம்தான் கேட்டார். இன்று காலை எப்படி இருந்தாள், வித்தியாசமாக ஏதாவது சொன்னாளா, எதையாவது எழுதி வைத்திருக்கிறாளா. கமலா யோசித்துச் சொன்னாள்: “ஒண்ணும் சொல்லல சேச்சி. பச்சைப் புடவைக்கு ஞாயித்துக்கிழமைக்குள்ள ஃபால்ஸ் தச்சு வைன்னா. சிநேகிதிக்குக் கல்யாணம்.”

“ஞாயித்துக்கிழமைக்கா? அது நல்லது” என்றார் சேச்சி. போனை ஸ்பீக்கரில் போட்டோம். “எனக்கு உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. ஞாயித்துக்கிழமைக்குப் புடவை கேட்டவ சாயங்காலம் வழக்கமான நேரத்துக்கு வருவான்னு நினைக்கறேன். நினைக்கறேன்னுதான் சொல்றேன், கேட்டுக்குங்க. அவ உசிருக்கு ஆபத்துன்னு தோணினா இப்பவே போலீசுக்குப் போங்க, நான் தடுக்க மாட்டேன். ஆறு மணி வரைக்கும் வரலைன்னா நானே கூட வரேன். அதுவரைக்கும் வேற யாருக்கும் போன் போடாதீங்க. சாரே, நீங்க முக்கியமா. அவளுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க. கேள்வி கேட்காத மெசேஜா போடுங்க.”

கேள்வி கேட்காமல் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். ‘எங்கே இருக்கே’ என்று எழுதி அழித்தேன். ‘உடனே வீட்டுக்கு வா, அப்பாவுக்குக் கோபமில்லை’ என்று எழுதி அதையும் அழித்தேன். கமலா போனைப் பிடுங்கினாள். நித்யாவுக்குத் தமிழ் எழுத்து வராது. பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான் படித்தாள். அதனால் கமலா மலையாள எழுத்தில் தட்டினாள்: பச்சைப் புடவை தச்சாச்சு.

“இன்னும் தைக்கலையே?” என்றேன்.

“தச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டுப் பச்சைப் புடவையை எடுத்து மடியில் விரித்தாள்.

செய்தி போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு கோடுகள் விழுந்தன. சாம்பல் நிறத்திலேயே நின்றன. பன்னிரண்டு, ஒன்று, ஒன்றரை. இரண்டு தடவை ஸ்கூட்டர் சாவியை எடுத்து இரண்டு தடவையும் ஆணியில் மாட்டினேன். தெருவில் ஆம்புலன்ஸ் போனால் எந்தத் திசைக்குப் போகிறது என்று காது கொடுத்தேன். சோறு அப்படியே ஆறியது. இரண்டே காலுக்குக் கோடுகள் நீலமாயின. அவள் படித்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள். பதில் வரவில்லை.

அதன் பிறகுதான் எனக்குப் பழைய மாதிரிப் படிவங்களைப் போட்டு வைத்திருந்த துணிக்கடைப் பை ஞாபகம் வந்தது.

உங்களுக்குத் தெரியும், உண்மையான படிவங்களை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பயிற்சிக்கு நிரப்பிய மாதிரிப் படிவங்களுக்கு அந்தத் தடை இல்லை. மட்டாஞ்சேரியில் எங்கள் முன்னோரைப் போல முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருப்பதால் படிவத்தைத் தமிழிலும் தயாரித்தோம். அந்தப் பொறுப்பு என்னுடையது. வாசித்துக் காட்டினால் சாதாரண ஆளுக்குப் புரிகிறதா என்று சோதிக்க, தமிழ் பேச மட்டும் தெரிந்த ஒருவர் வேண்டும். வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் நித்யாவை உட்கார வைத்து, “நீ பழக்கம் உள்ள ஒரு பொண்ணுன்னு வச்சுக்கோ. நான் கேட்கறதுக்குப் பதில் சொல்லு” என்றேன்.

அந்தப் படிவத்தை இப்போது பையிலிருந்து எடுத்தேன். ஓரத்தில் என் குறிப்புகள். இந்த வாக்கியம் நீளம், இங்கே மூச்சு விட வேண்டும், இந்த இடத்தில் அவள் திரும்பச் சொல்லச் சொன்னாள். நான் அன்று பார்த்தது அவ்வளவுதான். வட்டங்களை இன்றுதான் பார்த்தேன். ‘எங்கே போவதென்று தெரியாது’ என்பதற்கு ஒன்று. ‘அங்கே பெண்கள் குறைவு’ என்பதற்கு நான்கு. ‘வீட்டில் தெரிந்துவிடும்’ என்பதற்கு ஐந்து. நடிக்கிற பெண் எல்லாவற்றுக்கும் ஐந்து சொல்லியிருப்பாள், இல்லை மூன்று மூன்றாகச் சொல்லிச் சீக்கிரம் முடித்திருப்பாள். இவள் ஒவ்வொன்றையும் எடை போட்டுச் சொல்லியிருக்கிறாள்.

கடைசிக் கேள்வி, இவை தவிர வேறு ஏதாவது காரணம் உண்டா என்பது. அதற்கு அவள் சொன்னதை அன்று எழுதியிருந்தேன்: ‘அப்பா இதே வேலையில் இருக்கிறார். எங்கே போனாலும் அப்பா பேர் எழுதச் சொல்வார்கள். பேரைப் பார்த்தால் தெரிந்துவிடும்.’

அன்று நான் சிரித்தேன். “ஏய், நடிக்கச் சொன்னா நம்ம வீட்டையே இழுக்காத. பொதுவா ஒரு பொண்ணு என்ன சொல்லுவாளோ அதைச் சொல்லு.”

“பொதுவா ஒரு பொண்ணுன்னா யாருப்பா?” என்று கேட்டாள்.

“அதான், யாராவது ஒருத்தி.”

அவளும் சிரித்தாள். “அப்ப வேற காரணம் இல்லைன்னு எழுதிக்குங்க” என்றாள். அவள் சொன்னதை வெட்டி, ‘இல்லை’ என்று எழுதினேன். நம் வேலையில் பதிலை அடித்துக் கறுப்பாக்கக் கூடாது, பழையது வாசிக்கத் தெரிய வேண்டும் என்பது விதி. அதனால் ஒரே கோடு. அந்தக் கோட்டுக்கு அடியில் இரண்டு வருடமாக அது அப்படியே இருந்தது. அப்போதே அவளுக்குப் பழக்கம் ஆரம்பித்திருந்தது என்பது எனக்குப் பிறகு தெரிந்தது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ‘வேறு காரணம்’ என்ற இடத்தில் வருவது உங்கள் பட்டியலில் இல்லாததால் தப்பாகத் தோன்றும். சிரிப்பாகக்கூடத் தோன்றும். வெட்டாதீர்கள். சும்மா ஒத்திகைக்கு உட்கார வைத்த ஆள் சொன்னாலும் வெட்டாதீர்கள். அவர்களும் ஆட்கள்தான். உங்கள் வீட்டு ஆட்களாக இருந்தால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். அங்கேதான் நமக்குக் காது மந்தம்.

ஐந்தரைக்கு அவள் வருவது வழக்கம். ஐந்தரை ஆனது. வரவில்லை. கமலா பச்சைப் புடவையைத் தைத்து முடித்து, மடித்து, மறுபடியும் பிரித்து மடித்தாள். ஐந்து ஐம்பதுக்கு நான் சட்டையை மாற்றினேன். போலீஸ் ஸ்டேஷனில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியாக எப்போது பார்த்தீர்கள், என்ன உடை. நீலச் சுடிதாரா, சாம்பலா? காலையில் நானே கொண்டுபோய் விட்டவன். என்ன யோசித்தும் ஞாபகம் வரவில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தேன்.

சேச்சியின் எண்ணை அழுத்தப் போனபோது கேட் சத்தம் கேட்டது.

சாம்பல் சுடிதார். கழுத்தில் ஆபீஸ் அட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, இரண்டு பேரும் நிற்பதைப் பார்த்து அவளும் நின்றுவிட்டாள். மேசைமேல் படிவம் கிடந்தது. எடுத்து வைக்க மறந்துவிட்டேன். நான் வாய் திறப்பதற்குள் கமலா என் முழங்கையை அழுத்தினாள்.

நித்யா மேசையருகே போனாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவள் அந்த வட்டங்களைப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, வெட்டிய வரிமேல் விரலை வைத்தாள்.

“இது நான் சொன்னதா?”

“ஆமா.”

“வாசிங்க.”

வாசித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“ஒன்பது நாளும் வைட்டிலா ஸ்டாண்டுலதான் உட்கார்ந்திருந்தேன். மூணு தடவ திருப்பூணித்துறை பக்கம் ஒரு சென்டர் வாசல் வரைக்கும் போனேம்ப்பா. ஒரு தடவ ஃபார்ம்கூட வாங்கினேன்.”

ஃபார்மில் எந்தக் கட்டத்தில் நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

“யார் யார்கிட்ட சொன்னீங்க?” என்று கேட்டாள்.

“சேச்சிகிட்ட மட்டும்.”

“வேற யார்கிட்டயும் இல்லையா?”

“இல்லம்மா.”

அவள் என்னை நம்பவில்லை. திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். கமலா, இல்லை என்று தலையசைத்தாள். அதன் பிறகுதான் நித்யா கழுத்திலிருந்து அந்த அட்டையைக் கழற்றிப் படிவத்தின்மேல் வைத்தாள்.

“நாளைக்கு அந்த சென்டருக்குப் போறேன்” என்றாள். “அம்மா கூட வரட்டும். நீங்க வராதீங்கப்பா.”